ஆட்டம் எங்கே? – ஒரு பழைய பிக்கப் வண்டி கற்பித்த பாடம்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

வண்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை குதிரைத்திறன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பவர் பலர். ஆனால் ஓட்டுபவரின் கையில் உள்ள ஸ்டியரிங் வளையத்துக்கும் சாலையில் உருளும் சக்கரத்துக்கும் இடையே எத்தனை மூட்டுகள் இருக்கின்றன, அவற்றுள் ஒன்று தளர்ந்தால் என்ன நேரும் என்று கேட்பவர் மிகச் சிலரே. அத்தகைய ஒரு மூட்டைப் பற்றியதுதான் இக்கட்டுரை. உள்ளங்கை அளவே உள்ள ரப்பர் வட்டு அது. அதை மாற்றும் முறையை நான் ஒரு தவறு செய்தே கற்றுக்கொண்டேன். நம் ஆய்வகத்தில் அளவீட்டுப் பிழைகள் பற்றிய பாடம் நடக்கும்போதெல்லாம் அந்த வட்டு என் நினைவுக்கு வருவதால், அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உடனே கல்லூரியில் சேரும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. என் தாய்மாமன் சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில், ஹுஃபூஃப் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்றில் நெடுநாளாக மெக்கானிக்காக இருந்தார். 2021 முதல் 2023 வரை நான் அவருக்கு உதவியாளாக அங்கே வேலை பார்த்தேன். அல்அஹ்ஸா என்னும் மாபெரும் பாலைவனச் சோலையின் முதன்மை நகரம் ஹுஃபூஃப். சுமார் இருபத்தைந்து லட்சம் பேரீச்சை மரங்கள் நிற்கும் அச்சோலையை 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஊரின் பட்டறைகள் யாவும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருக்கும். அவ்வட்டாரத்தைச் சனாயியா என்று சொல்வார்கள். காலையில் இரும்பின் ஓசையோடு விழித்து, இரவில் இரும்பின் ஓசையோடு அடங்கும் இடம் அது.

இரண்டு குறைகள்

ஓர் ஆகஸ்டு மாதத்தில், பேரீச்சை அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம், தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் தம் வண்டியோடு வந்தார். 1972ஆம் ஆண்டில் தயாரான செவ்ரோலெட் சி-10 பிக்கப் வண்டி அது. அவருடைய தந்தையார் வாங்கியதாம். பிக்கப் வண்டியை அங்குள்ளோர் ‘வனேத்’ என்று அழைப்பர். புதிய வண்டி வாங்கும் வசதி அவருக்கு இருந்தது. எனினும் தோட்டத்துக்குப் போய்வர அந்த வனேத்தையே அவர் வைத்திருந்தார்.

அவர் இரண்டு குறைகளைச் சொன்னார். ஒன்று, ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது. வளையத்தைக் கொஞ்ச தூரம் திருப்பிய பிறகே வண்டி திரும்புகிறது. மற்றொன்று, ஹாரன் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிப்பதில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு குறைகள் என்று அவர் எண்ணினார். நானும் அவ்வாறே எண்ணினேன்.

அன்று மாமா உதிரிப் பாகங்கள் வாங்கத் தம்மாம் நகரத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் எட்டு மாதம் ஸ்பேனர் பிடித்துவிட்ட எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. ஸ்டியரிங் கியர் பெட்டியின் மேல் ஒரு சரிசெய்யும் திருகு உண்டு. அதை முடுக்கினால் உள்ளே உள்ள பற்களின் இடைவெளி குறையும் என்பதை யாரோ செய்யப் பார்த்திருந்தேன். பூட்டு நட்டைத் தளர்த்தி, அத்திருகை அரைச் சுற்று முடுக்கினேன். வளையம் கனமாயிற்று, ஆட்டம் குறைந்ததுபோலவும் தோன்றிற்று. உண்மையில் ஆட்டம் ஒரு சிறிதும் குறையவில்லை. கை கனத்ததால் மனம் அவ்வாறு நம்பிக்கொண்டது. ஹாரனை மறுநாள் பார்க்கலாம் என்று கூறி வண்டியை ஒப்படைத்துவிட்டேன்.

மாலையில் பெரியவர் திரும்பி வந்தார். பட்டறை வட்டாரத்துக்கு வெளியே உள்ள வட்டச் சந்திப்பில் வண்டியைத் திருப்பியிருக்கிறார். திருப்பம் முடிந்ததும் தானாக நேர்நிலைக்குத் திரும்ப வேண்டிய வளையம் திரும்பவில்லை. அவர் இழுத்துத் திருப்புவதற்குள் முன்சக்கரம் நடைபாதை விளிம்பின்மேல் ஏறி நின்றுவிட்டது. வண்டியில் அவருடைய பேரக் குழந்தைகள் இருவர் இருந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இரவில் மாமா வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. “ஆட்டம் எங்கே இருக்குன்னு பார்த்தியாடா?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கையிலிருந்து சக்கரம் வரை

அடுத்த நாள் காலையில் அவர் எனக்கு நடத்திய பாடத்தை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

அந்த வண்டியில் ஸ்டியரிங் வளையத்தின் கீழே ஒரு நீண்ட தண்டு செல்கிறது. அத்தண்டின் கீழ்முனை, கப்ளிங் என்னும் ரப்பர் வட்டின் வழியாக, கியர் பெட்டியின் தண்டோடு இணைகிறது. கியர் பெட்டி வளையத்தின் சுழற்சியைக் குறைத்து விசையைப் பெருக்குகிறது. அதிலிருந்து பிட்மேன் ஆர்ம் என்னும் நெம்புகோல் புறப்பட்டுக் குறுக்குத் தண்டை அசைக்கிறது. குறுக்குத் தண்டின் மறுமுனையை ஐட்லர் ஆர்ம் தாங்குகிறது. அங்கிருந்து இரு பக்கமும் டை ராடுகள் சென்று முன்சக்கரங்களைத் திருப்புகின்றன.

ஆக, இஃது ஒரு சங்கிலி. சங்கிலியின் எந்தக் கண்ணி தேய்ந்தாலும் ஓட்டுபவரின் கைக்கு அது ஒரே மாதிரியாகத்தான் தெரியும். கை உணர்வது எல்லா ஆட்டங்களின் கூட்டுத்தொகையை. அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கண்ணியில் குறை என்று சொல்ல இயலாது. நான் செய்த தவறு இதுவே. தொகையைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே திருகின்மேல் பழியைப் போட்டேன்.

மாமாவின் முறை எளியது. எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சக்கரங்கள் தரையில் நேராக இருக்க வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து வளையத்தை இடமும் வலமும் மெல்ல அசைக்க வேண்டும். மற்றொருவர் ஒவ்வொரு மூட்டிலும் இரு விரல்களை வைக்க வேண்டும். ஒரு விரல் மூட்டுக்கு முன்னே, மற்றொன்று மூட்டுக்குப் பின்னே. இரண்டும் ஒருங்கே அசைந்தால் மூட்டு நலம். முன்னது அசைந்து பின்னது அசையாமல் நின்றால், ஆட்டம் அங்கே இருக்கிறது.

மாமா உள்ளே அமர்ந்து அசைத்தார். நான் விரல் வைத்தேன். டை ராடு முனைகள் நலம். ஐட்லர் ஆர்மில் சிறிதளவு தேய்மானம். பிட்மேன் ஆர்ம் நலம். கப்ளிங்குக்கு வந்தேன். மேல்தண்டு அசைந்தது, கீழே கியர் பெட்டியின் தண்டு சும்மா இருந்தது. மேல்தண்டு மேலும் அசைந்தது. பிறகு ‘டக்’ என்று இரும்பில் இரும்பு மோதும் ஓசை கேட்டது. அதன்பின்னரே கீழ்த்தண்டு அசையத் தொடங்கிற்று. டார்ச் விளக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். எண்ணெய் ஊறி உப்பிய ரப்பர். போல்ட் துளையைச் சுற்றித் துணி இழைகள் நார் நாராகப் பிரிந்து கிடந்தன.

வட்டின் அமைப்பு

இரும்புத் தண்டுகள் இரண்டை இணைக்க ரப்பர் எதற்கு என்று கேட்கலாம். ஸ்டியரிங் தண்டு வண்டியின் கூண்டோடு பொருத்தப்பட்டுள்ளது. கியர் பெட்டியோ சேசிஸ் சட்டத்தின்மேல் இருக்கிறது. கூண்டு ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், மேடுபள்ளங்களில் கூண்டும் சட்டமும் தனித்தனியே சிறிது அசையும். இரு தண்டுகளையும் விறைப்பாக இணைத்துவிட்டால் அந்த அசைவு தாங்கிகளை முறிக்கும். மேலும் சாலையின் அதிர்வு நேராகக் கைக்கு ஏறும். வளையும் வட்டு இவ்விரண்டையும் தடுக்கிறது.

வெறும் ரப்பராக இருந்தால் திருக்கத்தில் கிழிந்துபோகும். ஆகவே பல அடுக்குத் துணியை வைத்து ரப்பரோடு சேர்த்து அழுத்தி வட்டைச் செய்கிறார்கள். இழுவிசையைத் துணி தாங்குகிறது. வடிவத்தையும் நெகிழ்வையும் ரப்பர் தருகிறது. 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டிராவிட்டால் இத்தகைய பொருள் கிடைத்திராது. வட்டின் எதிரெதிர்ப் பக்கத்து இரு துளைகள் மேல்தண்டின் ஃபிளாஞ்சோடும், அவற்றுக்குச் செங்குத்தான மற்ற இரு துளைகள் கீழ்த்தண்டின் ஃபிளாஞ்சோடும் பிணைக்கப்படுகின்றன. இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை.

இவ்வட்டின் மேல் விழும் சுமை எவ்வளவு? நிற்கும் வண்டியில் வளையத்தைத் திருப்ப இரு கைகளும் சேர்ந்து 200 நியூட்டன் விசை தருவதாகக் கொள்வோம். வளையத்தின் ஆரம் 20 செ.மீ. எனில் திருப்புத்திறன் 40 நியூட்டன் மீட்டர். வட்டின் போல்ட்டுகள் மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டால், அங்கே செயல்படும் விசை 40-ஐ 0.03-ஆல் வகுக்க 1333 நியூட்டன். இரண்டு போல்ட்டுகள் பங்கிட்டுக்கொள்ள, ஒவ்வொரு துளையும் சுமார் 667 நியூட்டன், அதாவது 68 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஆள் அந்தத் துளையில் தொங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் வெப்பம். அந்த வண்டியில் புகைபோக்கிக் குழாய் இவ்வட்டுக்கு அருகிலேயே செல்கிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது நாம் படித்த பொது விதி. கோடையில் 45 பாகைக்கு மேல் கொதிக்கும் ஊரில், எஞ்சின் சூட்டின் பக்கத்தில், மேலிருந்து எண்ணெயும் சொட்டினால் ரப்பரின் ஆயுள் எவ்வளவு நிற்கும்?

காப்பாற்றும் முளை, மறைக்கும் முளை

வட்டு அறுந்தால் ஸ்டியரிங் அடியோடு கைவிட்டுப் போகுமா? போகாது. வடிவமைத்தவர்கள் அதையும் எண்ணியிருக்கிறார்கள். ஒரு ஃபிளாஞ்சிலிருந்து இரண்டு இரும்பு முளைகள் நீண்டு, மற்ற ஃபிளாஞ்சில் உள்ள பிளவுகளுக்குள் தொடாமல் நிற்கும். வட்டு நலமாக இருக்கும்வரை அவற்றுக்கு வேலையே இல்லை. வட்டு அறுந்துவிட்டால், சிறிது தூரம் வெறுமனே சுழன்றபின் முளை பிளவின் சுவரில் மோதி, கீழ்த்தண்டைத் திருப்பும். நான் கேட்ட ‘டக்’ ஓசை அதுதான். பெரியவரும் அவர் பேரக் குழந்தைகளும் எத்தனை நாள்களாகவோ அந்த இரண்டு முளைகளை நம்பியே தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அம்முளைகள் உயிரைக் காப்பாற்றுகின்றன, ஐயமில்லை. ஆனால் அவை இருப்பதாலேயே வண்டி தொடர்ந்து திரும்புகிறது. திரும்புவதாலேயே ஓட்டுபவர் பழகிப்போகிறார். “கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, பரவாயில்லை” என்று சொல்லிக்கொள்கிறார். காப்பு என்பது பட்டறைக்கு வந்து சேர்வதற்காகத் தரப்பட்ட அவகாசமே தவிர, ஓட்டிக்கொண்டே இருப்பதற்கான அனுமதி அன்று.

ஹாரன் கதையும் இங்கே விளங்கிற்று. பொத்தானை அழுத்தும்போது ஹாரன் ரிலேயின் மின்சுற்று, ஸ்டியரிங் தண்டு வழியாக வண்டியின் சட்டத்தைச் சென்று சேர வேண்டும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வட்டின் குறுக்கே ஓர் உலோக இணைப்பு வைத்திருக்கிறார்கள். வட்டு கிழிந்தபோது அதுவும் அறுந்தது. முளை சுவரைத் தொட்டபோது சுற்று முழுமை பெற்று ஹாரன் அடித்தது, தொடாதபோது அடிக்கவில்லை. வெவ்வேறென்று நாங்கள் எண்ணிய இரண்டு குறைகளும் ஒரே குறையின் இரண்டு குரல்கள். ஹாரனை முதலில் ஆராய்ந்திருந்தால்கூட நான் அந்த வட்டைக் கண்டுபிடித்திருப்பேன்.

ஒரு சிறு கணக்கு

இவ்வளவு சிறிய ஆட்டம் என்ன செய்துவிடும் என்று எண்ணுபவருக்காக, கல்லூரியில் சேர்ந்தபின் நான் போட்டுப் பார்த்த கணக்கைத் தருகிறேன்.

வளையத்தின் விளிம்பு மொத்தம் 5 செ.மீ. வெறுமனே ஆடிற்று. ஆரம் 20 செ.மீ. ஆகவே கோணம் 5/20 = 0.25 ரேடியன், ஏறத்தாழ 14 பாகை. நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கு 0.125 ரேடியன். கியர் பெட்டியின் விகிதம் 24-க்கு 1. தண்டுகளின் நெம்புகோல் விகிதத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், முன்சக்கரத்தில் இது 0.0052 ரேடியன், அதாவது 0.3 பாகை. கண்ணுக்கே தெரியாத கோணம்!

இனி, வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 127 அங்குலம், அதாவது 3.23 மீட்டர். இதைச் சக்கரக் கோணத்தால் வகுத்தால் வண்டி செல்லும் வளைவின் ஆரம் கிடைக்கும். அது சுமார் 620 மீட்டர். வண்டி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் செல்கிறது. இரண்டு நொடியில் 40 மீட்டர். அதற்குள் பக்கவாட்டில் விலகும் தூரம், 40-இன் வர்க்கத்தை 620-இன் இருமடங்கால் வகுக்க, 1.29 மீட்டர்.

சாலைத் தடத்தின் அகலம் 3.5 மீட்டர் என்றும் வண்டியின் அகலம் 2 மீட்டர் என்றும் கொண்டால், இரு பக்கமும் எஞ்சியிருப்பது முக்கால் மீட்டர்தான். ஓட்டுபவர் வளையத்தை அசைக்காமல் பிடித்திருந்தும், இரண்டு நொடியில் வண்டி அடுத்த தடத்துக்குள் நுழைந்துவிடக்கூடும். முன்சக்கரங்களுக்கு நேராக ஓடும் இயல்பு உண்டென்பதால் ஒவ்வொரு முறையும் இப்படி நேராது. ஆனால் காற்று அடிக்கும்போதோ சாலை சாய்ந்திருக்கும்போதோ நேரலாம். அந்த ‘நேரலாம்’ என்ற சொல்லுக்கு அஞ்சித்தான் மெக்கானிக் வேலை செய்ய வேண்டும்.

பெல்ட் துண்டும் பிடிவாதமும்

புது வட்டு ஹுஃபூஃபில் கிடைக்கவில்லை. தம்மாமில் சொல்லி வைத்தால் நான்கு நாள்களில் வரும் என்றார்கள். அறுவடைக் காலத்தில் நான்கு நாள்கள் பெரியவருக்குப் பெரிய இழப்பு. கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டை வட்டமாக வெட்டி, நான்கு துளை போட்டு மாட்டிவிடுங்கள் என்று அவர் கேட்டார். பக்கத்துப் பட்டறையில் அப்படிச் செய்து கொடுப்பதுண்டு. பார்வைக்கு அது அசல் வட்டைவிடத் தடிப்பாகவே இருக்கும்.

மாமா மறுத்துவிட்டார். பெல்ட் ஒரே திசையில் இழுபடுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் துணியின் வலிமை எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வட்டிலோ ஒவ்வொரு துளையும் வெவ்வேறு திசையில் இழுபடுகிறது. அளவு மாறினால் முளையும் பிளவில் சரியாக நிற்காது. பெரியவர் கோபித்துக்கொண்டு, வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். மாமா சாவியை எடுத்து அவர் முன் வைத்து, “கொண்டுபோவது உங்கள் உரிமை. ஆனால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்” என்றார். பெரியவர் நெடுநேரம் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுக்காமலே போய்விட்டார்.

மாற்றிய முறை

ஐந்தாம் நாள் வட்டு வந்தது. வேலையை நான் செய்தேன். மாமா அருகில் நின்றார்.

முதலில் சக்கரங்களை நேராக நிறுத்தி, வளையம் சுழலாதபடி கயிற்றால் கட்டினோம். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். காற்றுப் பை பொருத்திய இக்கால வண்டிகளில் இந்தக் கட்டு இன்னும் இன்றியமையாதது. தண்டு பிரிந்திருக்கும்போது வளையம் பலமுறை சுழன்றால், உள்ளே சுருண்டிருக்கும் மின்நாடா அறுந்துபோகும்.

அடுத்து, மேல்தண்டு, ஃபிளாஞ்ச், கீழ்த்தண்டு மூன்றின்மேலும் ஒரே கோட்டில் பெயின்ட்டால் அடையாளம் இட்டோம். வட்டைப் பிணைக்கும் இரு நட்டுகளைக் கழற்றினோம். பிறகு ஃபிளாஞ்சைக் கியர் பெட்டித் தண்டின்மேல் இறுக்கும் போல்ட்டை எடுத்தோம். இதைத் தளர்த்தினால் மட்டும் போதாது. தண்டின் பள்ளத்தை ஒட்டிச் செல்வதால் முழுவதும் உருவ வேண்டும். பின் கியர் பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் மூன்று போல்ட்டுகளையும் கழற்றி, பெட்டியை முன்னே நகர்த்தி இடம் செய்துகொண்டோம்.

ஃபிளாஞ்ச் தண்டின் நுண்பற்களில் இறுகியிருந்தது. நான் சுத்தியலைத் தேடினேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். தண்டின்மேல் அடித்தால் அந்த அடி பெட்டிக்குள் இருக்கும் பேரிங்குக்குப் போய்ச் சேரும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, ஃபிளாஞ்சின் பிளவில் சிறு ஆப்பை மெல்லச் செருகி விரித்தபோது அது தானாகவே கழன்று வந்தது.

பழைய வட்டின் ஒரு பக்கம் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. அவற்றின் தலைகளைத் தேய்த்து எடுத்து, பன்ச் வைத்து வெளியே தள்ளினோம். புதிய வட்டில் ரிவெட்டுகளுக்குப் பதில் போல்ட்டுகள் தந்திருந்தார்கள். ஃபிளாஞ்சின் இரு போல்ட்டுகளும் ஒரே பருமன் உடையவை அல்ல. ஒன்று 3/8 அங்குலம், மற்றொன்று 5/16. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மறதிக்கும் இடம் வைத்து வடிவமைத்த அந்த அறிவை நான் வியந்தேன்.

மாட்டும்போது வரிசை தலைகீழ். முதலில் ஃபிளாஞ்சைக் கியர் பெட்டித் தண்டில் இறுக்கினோம். பின்னர் பெட்டியைச் சட்டத்தில் பொருத்தினோம். கடைசியாக வட்டின் நட்டுகள். இறுக்கும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். வட்டு தட்டையாக இருக்க வேண்டும்; குழிந்தோ இழுபட்டோ இருக்கலாகாது. முளைகள் பிளவுகளின் நட்டநடுவே, எந்தச் சுவரையும் தொடாமல் நிற்க வேண்டும். இவை சரியாக அமையாவிட்டால் தண்டின் நிலையைத் திருத்த வேண்டுமே அன்றி, வட்டை வளைத்துப் பொருத்தக் கூடாது. பூட்டு நட்டுகள் யாவும் புதியவை. திருப்புவிசை காட்டும் டார்க் ஸ்பேனரால் கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்கினோம்.

பிறகு நான் கெடுத்துவைத்த திருகு. பிட்மேன் ஆர்மைக் குறுக்குத் தண்டிலிருந்து விடுவித்து, வளையத்தின் விளிம்பில் வில்தராசைக் கட்டி இழுத்து, கையேட்டின் அளவு வரும்வரை மாமா அத்திருகைத் தளர்த்தினார். நாம் ஆய்வகத்தில் பயன்படுத்தும் அதே வில்தராசுதான். கண்ணாலும் கையாலும் நான் ஊகித்ததை அவர் ஒரு கருவியால் அளந்தார்.

எஞ்சினை ஓட்டாமல் வளையத்தை அசைத்துப் பார்த்தோம். 5 செ.மீ. ஆட்டம் 1 செ.மீட்டராகக் குறைந்திருந்தது. இரு பக்கமும் கோடிவரை திருப்பினோம், எங்கும் பிடிக்கவில்லை. பேட்டரியைப் பூட்டிப் பொத்தானை அழுத்தினேன். ஹாரன் ஊரைக் கூட்டிற்று. பட்டறை முற்றத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே வண்டியை வெளியே விட்டோம். ஒரு வாரம் கழித்து நட்டுகளை மறுபடியும் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியும் வைத்தோம்.

சொல்ல வேண்டியது

பெரியவர் வண்டியை எடுக்க வந்தார். மாமா என்னைப் பார்த்து, “நீயே சொல்லு” என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபு மொழியில், அன்று வண்டி நடைபாதையில் ஏறியது வண்டியின் பழமையால் அல்ல, நான் தவறான திருகை முடுக்கியதால் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “வண்டி பழையது என்று நீ சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து, நட்டுகளைச் சரிபார்க்க அவர் வந்தபோது மாமாவைத் தேடவில்லை. சாவியை என் கையில் கொடுத்தார். வண்டியின் பின்புறத்தில் கலாஸ் பேரீச்சம்பழம் ஒரு கூடை இருந்தது.

இப்போது நான் நம் ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கியின் திருகைத் திருப்புகிறேன். திருகை எப்போதும் ஒரே திசையில் திருப்பி அளவெடுக்க வேண்டும், இல்லையேல் பேக்லாஷ் பிழை வரும் என்று ஆசிரியர் முதல் வகுப்பிலேயே கூறினார். மற்றவர்கள் அதை ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கோ ‘டக்’ என்ற ஓசை காதில் விழுந்தது. திருகுக்கும் மரைக்கும் இடையே உள்ள அந்த ஆட்டமும், வனேத்தின் வட்டில் இருந்த ஆட்டமும் ஒரே இனத்தவை. ஒன்றில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி பிழைக்கும். மற்றொன்றில் இரண்டு குழந்தைகளின் உயிர் பிழைக்க வேண்டும்.

நண்பர்களே, கணக்கு தவறினாலும், சோதனை பொய்த்தாலும், வீட்டிலோ ஊரிலோ ஒன்று சரியாக நடக்காவிட்டாலும், நமக்குத் தெரிந்த ஒரே திருகை முடுக்கத்தான் கை பரபரக்கிறது. முடுக்கியதும் கை கனக்கும். குறை தீர்ந்ததென்று மனம் நம்பும். அந்நேரம் ஒரு விரலை முன்னும் ஒரு விரலைப் பின்னும் வைத்து, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வாருங்கள். ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு ஸ்பேனரை எடுங்கள். என் மாமா எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். எனினும் அளவியலின் முதல் பாடத்தை நான் கேட்டது அவரிடம்தான்.